பாதி நகரம், பாதி நாட்டுப்புறம்

எங்கள் வீட்டு உணவு மேசையின்மேல் அன்று விரித்து வைத்திருந்த இத்தாலி நாட்டு வரைபடத்தின் மூலைகளில் வெள்ளரிப்பழங்கள் உட்கார்ந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பாதிருக்க என் மனைவி செய்த ஏற்பாடு அது. பழங்கள் சம்பந்தி கொண்டுவந்தவை. அவர் எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. வெடித்த பழமொன்றின் சாறு கசிந்து சிசிலித் தீவை நனைத்துக்கொண்டிருந்தது. அவரோ நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, கைகளைத் தொடைகளுக்கிடையே வைத்துக்கொண்டு, நான் சுட்டிக்காட்டிய இடங்களையெல்லாம் பார்த்துத் தலையசைத்தார். எந்த இடத்தைக் காட்டினாலும் அதே தலையசைப்புத்தான்.

சம்பந்தி என்று நான் சொல்வது என் மருமகளின் தந்தையை. திருச்சுழிக்கு அப்பால், மழையை மட்டுமே நம்பிய கரிசல் நிலத்தில், தம் தந்தை விட்டுச்சென்ற, எங்கள் பக்கத்தில் காடு என்று சொல்லும் விளைநிலத்தை உழுது வந்தவர். நான் அருப்புக்கோட்டையில், விடியும் முன்பே தறியோசை தொடங்கிவிடும் தெருவொன்றில் பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிலேயே தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகனும் அவர் மகளும் பொறியாளர்களாக இத்தாலியின் வடபகுதியில், தூரின் நகரில் குடியேறிய பிறகு, இரு வீட்டுப் பெற்றோரையும் ஒன்றாக அழைத்து அந்நாட்டைச் சுற்றிக்காட்ட விரும்பினார்கள். எங்கள் நால்வரில் ஒருவரும் அதற்குமுன் கடல் கடந்ததில்லை. எங்கெங்கே போவது என்று திட்டமிடும் பொறுப்பை மகன் என்னிடம் விட்டான். ஒன்றை மட்டும் சொல்லியிருந்தான்: நகரங்களை மட்டும் பார்த்தால் களைத்துப்போவீர்கள், நாட்டுப்புறத்தில் மட்டும் தங்கினால் இத்தாலியைப் பார்த்ததாகாது, இரண்டையும் சரிபாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரிபாதியை ஒரு கட்டுரையின் அமைப்பைப் போல நான் பேணினேன். உரோம், புளோரன்சு, வெனிசு ஆகிய நகரங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவற்றுக்கு இடையே, திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் சூழ்ந்த குன்றுப் பகுதிகளுக்குப் பச்சை வண்ணம் தீட்டினேன். குன்றின்மேல் ஓர் உழவர் வீடு. விருந்தினர்களுக்கென்று அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். பச்சைப் பகுதியைச் சம்பந்தியை மனத்தில் வைத்தே விரிவாக்கினேன். பெருநகரத்து இரைச்சலில் அவர் திகைத்துப்போவார். அயல்நாட்டு மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால் முகம் மலர்வார் என்று எண்ணினேன். முல்லையையும் மருதத்தையும் நான்கு சுவர்களுக்குள் நின்று வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய எனக்கும் அந்த வீட்டின்மீது ஆசை இல்லாமலில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளையின் தந்தைமுன் தம் விருப்பம் எதையும் வாய்திறந்து சொல்வதில்லை. காப்பியா தேநீரா என்று கேட்டால்கூட, “எது இருக்கோ அது போதும்” என்பதே விடை. திருமண விருந்தில் நான் எழுந்து கைகழுவும்வரை அவர் பந்தியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்ததை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு வற்புறுத்தியும் உட்காரவில்லை. வரைபடத்தின் முன்னும் அப்படியே. “உங்களுக்கு எது பிடிக்கிறது, சொல்லுங்கள்” என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். “சம்மந்தி சொன்னாச் சரிதான்” என்றார். உழவர் வீட்டின் படத்தைக் காட்டி, விருந்தினர்கள் விரும்பினால் தோட்ட வேலையிலும் பங்கு கொள்ளலாமாம் என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். “நல்லாப் பண்ணிருக்காக” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு அவர் மக்காச்சோளம் போட்டிருந்தார். விதைத்ததும் மழை பின்வாங்கியது. பிறகு வந்த மழை நிற்கவில்லை. மிஞ்சிய பயிரில் கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றிகள் இறங்கின. மழைக்காலம் முழுவதும் அவர் வீட்டில் படுக்கவில்லை. வரப்பின்மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்த பிறகும் உறக்கம் அவரிடம் திரும்பி வரவில்லை. கண்கள் சிவந்தே இருந்தன. படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்று மதுரை மருத்துவரிடம் போனபோது, இதயம் மிகவும் தளர்ந்திருக்கிறது, முழு ஓய்வு வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். “மாமா, எப்பிடியாச்சும் அப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க. இங்க வந்தாவது அவுக நிம்மதியாத் தூங்கட்டும்” என்று மருமகள் தொலைபேசியில் அழுதாள். அந்தப் பயணம் உல்லாசப் பயணம் என்ற நிலையைக் கடந்துவிட்டதை நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம், அவரைத் தவிர.

அவரோ வரமாட்டேன் என்று சொல்லாமலே விலகத் தொடங்கினார். சித்திரையில் புறப்படலாம் என்றிருந்தோம். “ஊர்ல சாமி கும்புடப் போறாக சம்மந்தி. காப்புக் கட்டிட்டா ஊரத் தாண்டி ராத்தங்கக் கூடாது” என்றார். தெய்வ காரியத்துக்கு மறுப்பேது? பயணத்தை வைகாசிக்குத் தள்ளினேன். பிறகு, மாடு சினையாக இருக்கிறது, அந்த நேரம் பார்த்து ஈனும் என்றார். “ஏன், இவுக பக்கத்துல நின்னாத்தான் அந்த மாடு ஈனுமாக்கும்?” என்று என் மனைவி முணுமுணுத்தாள். மகளுடைய வீட்டில் போய்த் தங்கக் கூச்சப்படுகிறார் என்று நான் கருதினேன். ஆகவே மகள் வீட்டில் தங்கும் நாள்களைக் குறைத்து, உழவர் வீட்டில் தங்கும் நாள்களைக் கூட்டினேன். அதைக் கேட்டதும், “நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க சம்மந்தி. நான் பெறகு ஒருக்கா பாத்துக்கிறேன்” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் சம்பந்தியம்மா தனியே பேருந்தேறி வந்தார். வந்தவர் என்னிடம் நேராகப் பேசாமல், அடுக்களை வாசலில் நின்று என் மனைவியைப் பார்த்தே பேசினார்; எனக்குக் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே பேசினார்.

“மதினி, நான் சொன்னேன்னு அண்ணன் எங்க வீட்டுக்காரவுக கிட்டக் கேட்றக் கூடாது. கேட்டா என்னையக் கொன்னே போடுவாக. அங்கயும் ஏதோ காட்டுக்குள்ளதான் தங்கப் போறோமாம்ல?”

“ஆமா, தோட்டம். திராச்சையெல்லாம் இருக்காம்” என்றாள் என் மனைவி.

“அதத்தான் சொல்றேன். ‘இந்தக் காட்டப் பாத்தது பத்தாதுன்னு ஏரோப்ளேன் ஏறிப் போயி இன்னொருத்தன் காட்டப் பாக்கணுமா’ன்னு பொலம்புறாக. விருந்தாளியும் களை வெட்டலாமாம்ல? வெள்ளக்காரனுக்கு வேற வேலை இல்ல. இவுகளுக்குமா இல்ல?”

என் மனைவி சிரித்துவிட்டாள். சம்பந்தியம்மாவும் சிரித்தார், ஆனால் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவுகளுக்கு டவுனுதான் மதினி ஆசை. பெரிய கட்டடம், கூட்டம், ரயிலு. ‘நாலு நாளைக்கு மண்ணு கண்ணுல படாம இருந்தா நான் தூங்கிருவேன்’னு சொன்னாக. அத இங்க வந்து எப்பிடிச் சொல்லுவாக?”

சம்பந்தியம்மா போன பிறகு நெடுநேரம் வரைபடத்தின்முன் உட்கார்ந்திருந்தேன். தீட்டிய பச்சையெல்லாம் சம்பந்திக்காகத் தீட்டியது. அந்தப் பச்சையிலிருந்து தப்பிப்பதற்கே அவர் சாமியையும் மாட்டையும் துணைக்கு அழைத்திருக்கிறார். அவரிடம் நேரில் போய், “உங்கள் விருப்பம் தெரிந்துவிட்டது” என்று சொல்ல முடியாது. சொன்னால் கூசிப்போய், எனக்காக அந்த உழவர் வீட்டுக்கே வருகிறேன் என்று பிடிவாதம் செய்வார். ஆகவே நானும் எங்கள் பக்கத்து வழக்கப்படியே நடந்துகொண்டேன். மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, வருத்தந் தோய்ந்த குரலில் பேசினேன்: குன்றின்மேல் இருந்த வீட்டில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள், இனி நகரங்களில்தான் தங்கியாக வேண்டும், இரைச்சலாக இருக்கும், எனக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறுமுனையில் அவர் குரல் சட்டென்று தெளிந்தது.

“அதுக்கென்ன சம்மந்தி. டவுனுன்னா டவுனு. நான் வாரேன்.”

“மாடு?”

“மாட்ட மச்சினன் பாத்துக்கிருவான்.”

வைகாசியில் போனோம். இன்று சம்பந்தி இல்லை. ஊர் திரும்பி இன்னொரு விதைப்பு முடித்து, பயிர் முழங்கால் உயரம் வந்தபோது அவருடைய இதயம் நின்றது. அந்தக் காட்டில் இப்பொழுது சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று தூரினிலிருந்து மருமகள் கேட்கிறாள். இந்த வயதில் எதையும் புதிதாகத் திட்டமிடும் வலு என்னிடம் இல்லை. அந்தப் பயணத்தை நினைக்கும்போது மட்டும், பழைய கோயில்களோ ஓவியங்களோ முதலில் கண்முன் வருவதில்லை. உரோமில் ஒரு சதுக்கத்துக் கற்படியில் அவர் கால்நீட்டி அமர்ந்து, போவோர் வருவோரை வேடிக்கை பார்த்த தோற்றம் வருகிறது. வெனிசில், எங்கு திரும்பினாலும் கல்லும் நீருமாக இருப்பதைக் கண்டு, “இங்கன மருந்துக்குக்கூட மண்ணு இல்லையே சம்மந்தி!” என்று அவர் சிறுபிள்ளை போல மகிழ்ந்த குரல் கேட்கிறது.

உரோமிலிருந்து புளோரன்சு போகும் தொடர்வண்டியில் நாங்கள் இருவரும் எதிரெதிரே சன்னலோரம் அமர்ந்திருந்தோம். நகரம் முடிந்தது. குன்றுகள் வந்தன; பொன்னிறம் ஏறிக்கொண்டிருந்த கோதுமை வயல்கள், வரிசை பிசகாத திராட்சைக் கொடிகள், மேட்டின்மேல் ஒரு வீடு. பெட்டியிலிருந்த அனைவரும் தலையைத் திருப்பினார்கள். நான் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தேன். அப்பொழுது சம்பந்தி கைநீட்டிச் சன்னல் திரையைக் கீழே இழுத்தார். அதுவரை என்னைக் கேளாமல் அவர் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை.

“வெயில் அடிக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்ல சம்மந்தி” என்றார், கண்களை மூடியபடியே. “காடு தெரியுது.”

சிறிது நேரத்தில் அவருடைய தலை சாய்ந்தது. வாய் சற்றே திறந்து, மூச்சு சீராயிற்று. புளோரன்சு வரும்வரை அந்தத் திரையை நான் உயர்த்தவில்லை.