வித்யா வாயில் என் குரல்

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும், இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளில், கேபிள் டிவி வீடு வீடாக வந்துகொண்டிருந்த சமயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறுவர் நிகழ்ச்சி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, கீபோர்டும் டிரம்ஸும் அதிர, தமிழில் பாப் பாட்டு பாடுவார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த வித்யாவும் நானும் அதற்குத் தேர்வானோம். ஒன்பதாம் வகுப்பு, ஒரே பெஞ்ச். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் என்னைத் தனியாக ஒரு பாட்டு பாட வைத்துப் பதிவு செய்தார்கள், அப்புறம் ஷூட்டிங்குக்குக் கூப்பிடவே இல்லை. வித்யாதான் வந்து சொன்னாள்.

"அந்தப் பாட்டே வேணாம்னுட்டாங்கடி."

நான் அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்டவளும் அவள்தான்.

ஒரு ஞாயிறு, இட்லித் தட்டோடு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரையில் வித்யா, பளபளவென்று ஜாக்கெட், கையில் மைக். வாயைத் திறந்தாள். வந்தது என் குரல்.

"ஏய், இது உன் குரலாச்சே!" என்றார் அப்பா.

ஆமாம் என்று கத்தப் போனேன். வாய் அசைகிறது, வெறும் காற்றுதான் வருகிறது. அதிர்ச்சியில் அப்படி ஆகிவிட்டது என்று அம்மா முதுகைத் தடவிவிட்டாள். பாட்டு முடிந்ததும் குரல் தானாக வந்தது. சாயங்காலம் பாண்டி பஜார் வளையல் கடையில் பேசிக்கொண்டிருந்தபோதே மறுபடி போயிற்று, கொஞ்ச நேரத்தில் திரும்பியது. வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் சொன்னான், அந்த நேரத்தில்தான் மறு ஒளிபரப்பாம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் மாடிக்குப் போனேன். வித்யா மட்டும்தான் இருந்தாள்.

"ஏன்டி பொய் சொன்னே?"

"உன் மூஞ்சி கேமராவுக்கு செட் ஆகலன்னு டைரக்டர் அங்கிள் சொன்னாருடி. அத எப்படி உன்கிட்ட சொல்றது?"

"அதுக்கு? எல்லாரும் உன் குரல்னு நினைக்கறாங்க. க்ளாஸ்ல நீயே உண்மைய சொல்லு."

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, "கேசட்டே வந்தாச்சு, கேளேன்" என்று டேப் ரெகார்டரைப் போட்டாள். என் குரல் நின்றது. நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்துப் பயந்துபோய் டேப்பை நிறுத்தினாள். குரல் வந்தது.

"பாத்தியா? நீ சொல்லலன்னா நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்..."

வித்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கையை நீட்டி, மறுபடி பட்டனை அழுத்தினாள். சத்தத்தையும் கூட்டினாள்.

நம்பினால் நம்புங்கள், குரல் போனதைவிட அந்தக் கைதான் என்னை உடைத்துப் போட்டது. ஊமையாகப் படியிறங்கினேன். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் அடையாறு பக்கம் குடிபோனார்கள், நிகழ்ச்சியும் நின்றுவிட்டது.

நான் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். எப்போதாவது பேச்சின் நடுவில் குரல் நின்றுவிடும். எங்கேயோ யாரோ அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று தண்ணீர் குடிப்பதுபோல நடித்துக்கொண்டு காத்திருப்பேன். அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் போன மாதம், கவுண்டரில் ஒரு பெரியவரிடம் பேசும்போது அப்படி நின்று திரும்பி வந்த குரல், என் குரல் இல்லை. அந்தப் பாட்டில் கேட்கிற, ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் குரல். ஒரு வாக்கியம் முழுக்க அதிலேயே பேசினேன்.

"குழந்தைய கூட்டிட்டு வந்திருக்கியாம்மா?" என்று சிரித்தபடி கேட்டு, என் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பெரியவர் எட்டிப் பார்த்தார்.