சங்கிலியில் கட்டிய குவளை

வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்குத் துணையாகப் பாளையங்கோட்டையிலிருந்து நானும் என் மதினியும் ஜெருசலேம் போயிருந்தோம். அங்கே கடைத்தெருவில், துருக்கி சுல்தான் ஒருவர் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிவைத்த தண்ணீர் மாடத்தைக் கண்டு நின்றுவிட்டேன். கூரிய வளைவுக்குள்ளே பத்தமடைப் பாயைப்போல நெருக்கமாகக் கல்லில் பின்னல் வேலை. நடுவே ஒரு கல் பூ. பார்த்துவிட்டுத் திரும்பினால், கூட வந்தவர்களைக் காணோம்.

பாஷை தெரியாது. தங்கியிருந்த இடத்தின் பெயரும் வாயில் வரவில்லை. பயத்தில் நாக்கு வறண்டது. குழாயடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த பித்தளைக் குவளையில் தண்ணீர் பிடித்து, நம் வழக்கப்படி உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்ளத் தூக்கினேன். சங்கிலி எட்டவில்லை; தண்ணீரெல்லாம் சேலையில் கொட்டியது. ஊரெல்லாம் வாய் வைத்த குவளையில் எப்படிக் குடிப்பது? அழுகை வந்துவிட்டது.

பின்னால் நின்ற ஒரு துருக்கிப் பெண் குவளையை வாங்கினாள். தான் ஒரு வாய் குடித்துக் காட்டி, மறுபடியும் நிரப்பி என் உதட்டில் வைத்தாள். குடித்தேன். பிறகும் அவள் போகவில்லை. என் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"எங்கனட்டி போன? தெருத்தெருவாத் தேடுதோம்!" என்று மதினி ஓடிவந்த பிறகுதான் கையை விட்டாள்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு இராப்போஜனம்; இயேசுவின் நினைவாக எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும் நாள். எங்கள் கோவிலில், கூலிக்காரர்கள் வாய் வைக்குமுன் பாத்திரத்தில் குடித்துவிடப் பெரிய வீட்டாராகிய நாங்கள்தான் முந்திப் போவோம்.

"எந்திரிட்டி, நேரமாவுதுல்லா," என்று மதினி இடித்தாள்.

"கூலிக்காரவுக மொதல்ல குடிக்கட்டும், மதினி. நாம பைய போவோம்."

மதினி என்னை விட்டுவிட்டுப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை.