கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதுக்குக் கவுன்சலிங்

டொரத்தி டீச்சரைப் பற்றி யாராவது "அவங்களுக்கு என்ன, ஏர்கான் ரூம்ல உக்காந்து மைலோ குடிக்கிற வேலை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், லோகேஸ்வரி. வாய் நீளம் என்று ஆசிரியர் அறையில் எனக்குப் பேர் உண்டு. இருக்கட்டும். டொரத்திக்கு வாய் நீளம் கிடையாது, அவள் தொழில் அதற்கு இடம் கொடுக்காது. அதனால் அவளுக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

எங்கள் பள்ளி கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவம் வரை உண்டு. டொரத்தி அங்கே ஆலோசக ஆசிரியை. கல்வி உளவியல் படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொம்யூட்டர் ரயிலில் வருவாள். இவ்வளவு படித்தவளுக்கு எங்கள் முதல்வர் கொடுக்கும் வேலை என்ன தெரியுமா? விளையாட்டு விழாவில் போட்டோ எடுப்பது. ஆசிரியர் வராத வகுப்பில் போய் உட்காருவது. வேப் புகை பிடித்து மாட்டிய பையன்களைத் திட்டுவது. பெரிய மனிதர்கள் வந்தால் கறிபாப் பலகாரத் தட்டை நீட்டுவது. இதையெல்லாம் செய்து முடித்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் உளவியல்.

அவள் அறை ஒழுங்கு ஆசிரியர் அறைக்கு அடுத்தது. வெளியே ஒரு பெஞ்ச். அதில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால், அது ஏதோ தப்பு செய்துவிட்டது என்று மறுவேளைக்குள் கேண்டீன் வரை தெரிந்துவிடும். அதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளை எதுவும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. முதல்வருக்கும் அதுதான் சௌகரியம். "கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் கவுன்சலிங்? அதுங்கதான் தானா படிக்குதே. நீங்க அந்தப் பின் பெஞ்ச் பையன்களைப் பாருங்க லா" என்பார்.

டொரத்திக்கு இதில்தான் ஆத்திரம். என்னைப்போல் கத்த மாட்டாள், முகம் மட்டும் சிவந்துவிடும். "கணக்கு வராம படம் நல்லா வரையற பிள்ளைக்கு வழி தெரிஞ்சிடும் லோகா. எல்லாமே வர்ற பிள்ளைக்குத்தான் வழி தெரியாது. எது வேணும்னு அதுகிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. கெட்டிக்காரன், அப்ப டாக்டர். முடிஞ்சுது" என்பாள். ஆர்வத்தை அளக்கும் சோதனை ஒன்று பள்ளியில் கொடுப்போம். அந்தப் பிள்ளைகளுக்கு அதில் எல்லாக் கட்டமும் உயரமாகவே வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவள் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். மார்க் போட யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்றுதான் கவனிப்பாள்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நூலகத்தில் தொழில் வழிகாட்டிப் பலகை ஒன்று மாட்டி, அதில் தாள் குத்த உதவி வேண்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். பெஞ்ச் கிடையாது, மூடிய கதவு கிடையாது. கையில் ஸ்டேப்ளர் இருந்தால் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பேசும், அதனால் உண்மையைப் பேசும். முதல்வர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ரிப்பன் ஒட்டலாம் என்றார்.

ஏமி அந்தப் பலகைக்கு வந்தவள்தான். முதல் படிவத்திலிருந்தே எங்கள் பள்ளியில் படித்தவள். தாய் இல்லை, ஏமி சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். அப்பா அம்புரோஸ் ரயில் டெப்போவில் பராமரிப்பு வேலை செய்கிறார். இந்தப் பெண்ணுக்கு வராத பாடம் கிடையாது. என் தமிழ் வகுப்பிலேயே நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் திருப்பி இரண்டு கேட்பாள். மற்ற ஆசிரியர்கள் அவளுக்குச் செய்த உதவியெல்லாம் கூடுதலாக நான்கு பயிற்சித் தாள் கொடுத்ததுதான்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியதே, அதற்குப் பிறகு ஊரே சில வாரம் அதையே பேசியது. பிறகு எல்லாரும் பழையபடி துணி வாங்கப் போய்விட்டோம். ஏமி மட்டும் அதை விடவில்லை. நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். வேதியியல் தாளின் பின்பக்கம் முழுக்கக் கோலாலம்பூரின் அடிநிலத்தை அடுக்கடுக்காக வரைந்து வைத்திருந்தாள். பலகையில் குத்தும்போது அந்தத் தாள்களில் ஒன்று டொரத்தி கண்ணில் பட்டது.

டொரத்தி அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. செராஸில் மண் பரிசோதனை செய்யும் நிறுவனம் ஒன்றில் தனேஷ் என்று அவளுடைய பழைய மாணவன் வேலை செய்கிறான். அவனிடம் பேசி, விடுமுறையில் ஏமி அங்கே போய் வேடிக்கை பார்க்க ஏற்பாடு செய்தாள். சர்ட்டிஃபிகேட் கிடைக்கும் என்றதும் அம்புரோஸும் அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பள்ளி திறந்து ஏமி வந்தபோது அவள் காலணியில் மண் காயாமல் ஒட்டியிருந்தது. நான் பக்கத்து மேசையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசியதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"பூமியில துளை போட்டு எடுக்கிற கல்லை வரிசையா பெட்டியில அடுக்குறாங்க டீச்சர். நடுவுல சில இடத்துல ஒண்ணுமே இருக்காது. வெறும் காலி. அங்க மிஷினுக்கு ஒண்ணும் தட்டுப்படலன்னு அர்த்தம், கீழ குகை. மேல கார் போய்ட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது."

அவள் போன பிறகு டொரத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான், "போய் அவ அப்பாகிட்ட சொல்லு" என்றேன். "அவ சொல்லச் சொல்லல. அவ சொல்ற வரைக்கும் நான் சொல்ல முடியாது" என்றாள். இந்தத் தொழில் தர்மம் எனக்குப் புரிகிறது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். ரிசல்ட் வந்தது. ஏமிக்கு முழுப் புள்ளி, நாலுக்கு நாலு. அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வாருங்கள், பூசை முடிந்ததும் விருந்து இருக்கிறது என்று அம்புரோஸ் ஆசிரியர்களை எல்லாம் கூப்பிட்டார். நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் பிள்ளைக்காகப் போனேன். டொரத்திக்கு அதுவே சொந்தப் பங்குக் கோயில், முன் வரிசையில் இருந்தாள். பூசை தொடங்கும் முன் அன்றைய திருப்பலி எதற்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசிப்பார்கள். இறந்தவர்கள் பேர் வந்தது, கல்யாண நாள் வந்தது. பிறகு, "ஏமிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு நன்றியாக, தந்தை அம்புரோஸ்" என்று வாசித்தார்கள்.

இடம் கிடைக்கவில்லை. ரிசல்ட்தான் வந்திருந்தது. இடம், நேர்முகம் எல்லாம் இனிமேல்தான். எழுதிக் கொடுத்தது அம்புரோஸ், வாசித்தவர்களுக்கு என்ன தெரியும்? விருந்தில் நான் இதை அவரிடம் கேட்டேன். "முன்னாடியே நன்றி சொல்லிட்டா ஆண்டவர் கொடுப்பார் டீச்சர், அதுதான் விசுவாசம்" என்றார். ஆண்டவருக்கே நெருக்கடி கொடுக்கிற ஆளிடம் நான் என்ன பேசுவது? மண்டபத்தில் ஆளாளுக்கு ஏமியின் கையைப் பிடித்து "டாக்டரம்மா" என்றார்கள். ஒரு ஆன்டி வீங்கிய முழங்காலைக் காட்டி, என்ன மருந்து போடலாம் என்று கேட்டே விட்டார். ஏமி பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

மருத்துவ நேர்முகத்துக்குத் தயார் செய்யப் பள்ளியில் நடந்த பயிற்சிக்கு ஏமி இரண்டு தடவை போகவில்லை. அம்புரோஸ் முதல்வரிடம் ஓடினார். முதல்வர் ஏற்கெனவே ஏமி படம் போட்டு, வருங்கால மருத்துவர் என்று பேனருக்குச் சொல்லி வைத்திருந்தார். டொரத்தியைக் கூப்பிட்டார். வகுப்பாசிரியை என்பதால் என்னையும் கூப்பிட்டார். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருக்க, ஏமி மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் மோட்டிவேட் பண்ணி விடுங்க டீச்சர்" என்றார் முதல்வர்.

"அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க சார்" என்றாள் டொரத்தி.

"பரவால்ல, நிக்கட்டும்" என்றார் அம்புரோஸ்.

"அப்ப நான் அவகூடத் தனியா பேசறேன். இங்க வேணாம்."

"தனியா என்ன பேச்சு? அப்பா இருக்காரு, நான் இருக்கேன். இங்கயே கேட்டு முடிச்சிடலாம் லா" என்றார் முதல்வர். பிறகு அவரே ஏமியைப் பார்த்து, "என்னம்மா, டாக்டர்தானே?" என்றார்.

இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை வேறு பதில் சொல்லும்? ஏமி தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா சொன்னதுதான் சார்" என்றாள். முதல்வர் கையைத் தட்டி, பார்த்தீர்களா, இரண்டு நிமிடத்தில் கவுன்சலிங் முடிந்தது என்றார்.

டொரத்தி அம்புரோஸ் பக்கம் திரும்பினாள். "நீங்க இவகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"எதைக் கேக்கணும்? டெப்போவில என்னை இன்னைக்கும் 'ஹோய்'ன்னுதான் கூப்பிடறாங்க டீச்சர். இருபது வருஷமா. என் பிள்ளையை நாலு பேர் டாக்டர்னு கூப்பிடணும். கோயில்ல சொல்லியாச்சு. இனி என்ன கேக்கறது?" என்றார். அந்த மனிதர் மேல் எனக்குப் பாவமாகவும் இருந்தது. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடுமா?

அன்று சாயங்காலம் நான் டொரத்தியிடம் சண்டை போட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கல்லும் மண்ணும்தான் உயிர் என்று நமக்குத் தெரியும், நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்கிறேன் என்றேன். "நீ சொன்னா அது உன் ஆசையா ஆயிடும் லோகா. ஏற்கெனவே ஆளுக்கொரு ஆசையை அவ தலையில வச்சிருக்காங்க" என்றாள். ஏமியிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பத்தைக் கடைசித் தேதி வரை மாற்றலாம், மாற்று என்றும் சொல்ல மாட்டேன், மாற்றாதே என்றும் சொல்ல மாட்டேன், எப்போது பேச வேண்டும் என்றாலும் வா.

ஏமி மாற்றினாள், தானாக. அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நிலவியல் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்த பிறகுதான் அம்புரோஸுக்கு விஷயமே தெரிந்தது. மறுநாள் பள்ளி வாசலில் நின்று, பிள்ளை மனதைக் கெடுத்துவிட்டாள் என்று டொரத்தியைப் பார்த்துக் கத்தினார். "கல்லைப் பொறுக்கறதுக்கா நாலு பாயிண்ட் வாங்கினா?" என்று கேட்டார். புகார் எழுதிக் கொடுத்தார். முதல்வர் அதைப் படித்துவிட்டு டொரத்தியிடம் விளக்கம் கேட்டார்.

ஏமி தன்னிடம் என்ன பேசினாள் என்று டொரத்தி இரண்டு வரி சொல்லியிருந்தால் போதும், சிக்கலிலிருந்து வெளியே வந்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. மாணவி பேசியதை வெளியிட எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் பதில் கொடுத்தாள். ஆறாம் படிவப் பிள்ளைகளோடு இனிப் பேச வேண்டாம் என்று முதல்வர் உத்தரவு போட்டார். நூலகப் பலகையைக் கழற்றச் சொன்னார். நான் முதல்வர் அறையில் போய் நன்றாகக் கத்திவிட்டு வந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஏமி பல்கலைக்கழக விடுதிக்குப் புறப்படும் வாரம் அம்புரோஸ் மறுபடி பள்ளிக்கு வந்தார். டொரத்தியின் அறைக்கு வெளியே அந்தப் பெஞ்சில், வேப் மாட்டிய இரண்டு பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு சண்டை என்று நினைத்து, அவர் உள்ளே போய் உட்கார்ந்ததும் நானும் பின்னாலேயே போனேன். அவர் சண்டை போடவில்லை.

"வீட்ல என்கிட்டப் பேச மாட்டேங்கறா டீச்சர். சமைச்சு வைக்கறா, துணி மடிக்கறா, வாயைத் திறக்க மாட்டேங்கறா. சனிக்கிழமை போயிடுவா." நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்தார். "அவளுக்கு என்ன பிடிக்கும், மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே. எனக்குச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. டொரத்தி என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "பத்தொன்பது வருஷமா உங்க வீட்டுலதானே இருக்கா அம்புரோஸ். என்கிட்ட வந்து கேக்கறீங்க. முதல்வர் கேக்கறாரு, கோயில்ல கேக்கறாங்க, ஸ்கூல்ல கேக்கறாங்க, எல்லாரும் என்கிட்டத்தான். வீட்டுக்குப் போங்க. அவளை உக்கார வச்சு அவகிட்டக் கேளுங்க."

அம்புரோஸ் எழுந்தார். கதவு வரை போய் நின்றார்.

"கேட்டா சொல்லுவாளா டீச்சர்?"

"தெரியாது. இதுவரைக்கும் நீங்க கேட்டுப் பாக்கலையே."