ரெபேக்காளின் ஒட்டகமும் அத்தையின் சைக்கிளும்

நாங்கள் போத்தனூரில் குடியிருந்தபோது, அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு நான்கு மைல் தள்ளி ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ் தனக்குத் தோன்றிய நேரத்துக்குத்தான் வரும். மூன்று முறை தாமதமானதும், இனியும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

மாற்றலாகிப் போன ஒரு நர்ஸம்மா விட்டுச்சென்ற லேடீஸ் சைக்கிள் சர்ச்சின் பின்புறம் சாத்திக் கிடந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் அத்தை அதை ரயில்வே மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது எட்டு வயதுக்காரியான என் வேலை. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் சாப்பிடும்போது அம்மா அத்தையிடம், "முழங்கையில என்ன காயம் அம்மணி?" என்று கேட்க, "சைக்கிள்ல இருந்து உழுந்துட்டாங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். அவர் எங்கள் சர்ச் சபையில் மூப்பர்.

"பொம்பளப்புள்ள ரோட்டுல சைக்கிள் மிதிச்சுட்டுப் போனா, நான் சபையில எப்படித் தலை நிமிந்து உக்காருவேன்? வேலையே வேண்டாம். ஊட்டோட இரு."

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்கட்டில் அவள் அழுதபோது, அதற்கு என் வாய்தான் காரணம் என்பது எனக்கு விளங்கியது.

அந்த வாரம் சித்தப்பா லீவில் வந்தார். பெங்களூரில் பாதிரியாருக்குப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். தம்பி எபிரேய மொழியிலேயே வேதம் வாசிக்கிறான் என்பதில் அப்பாவுக்குப் பெருமை தாளாது. நடந்ததையெல்லாம் நான் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, எபிரேயத்துல ராகப்னு ஒரு சொல்லு இருக்குதுங்க."

"எரிகோவுல இருந்த வேசி ராகாபா? காலங்காத்தால அவ பேச்சு எதுக்கு?"

"அது வேறங்கண்ணா. இதுக்கு ஏறிப் போறதுன்னு அர்த்தம். குதிரை, கழுதை, எதுமேல ஏறுனாலும் இதே சொல்லுத்தான். பார்வோனோட ரதத்துக்கும் இதுல இருந்துதான் பேரு வந்துச்சு." சித்தப்பா அத்தை பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "ஈசாக்கைக் கட்டிக்கப் புறப்பட்டப்ப ரெபேக்காள் ஒட்டகத்துல ஏறுனாங்களே, அங்கயும் இதேதானுங்க. ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு சொல்லைப் பிரிச்சு வெக்கலீங்க."

அப்பா மூடிவைத்த வேதப் புத்தகத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

"மூலபாஷையிலயே அப்படித்தான் இருக்குதா?"

"இருக்குதுங்க."

அப்பா அத்தையிடம் திரும்பினார். "பிரேக்கு நல்லாப் புடிக்குதான்னு பாத்தியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், யாரும் கேட்காமலே, "எபிரேயத்துல தடையில்லீங்க" என்று அப்பா நாலு பேரிடம் சொன்னார். கேட்டவர்களுக்கும் எபிரேயம் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை புறப்பட்டாள். சைக்கிள் முதலில் கொஞ்சம் ஆடியது, பிறகு நேரானது. ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் வளைவில் மறைந்த பிறகும் அப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என்ன பார்க்கிறார் என்று கேட்டேன்.

"ரயிலு ஏதாச்சும் வருதான்னு பாத்தேன் கண்ணு," என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த மனுஷருக்கு, அந்த நேரத்தில் எந்த ரயிலும் இல்லை என்பது எப்படித் தெரியாமல் போனது என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.