போன் மட்டும் வீடு வந்த சனிக்கிழமைகள்

"உரிகத்துல மழையா?" என்று என் கணவர் கேட்டபோது நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. பெங்களூரில் வேலை முடிந்து, ரயிலில் நேராக மாரிகுப்பம் வந்து இறங்கியதாக அப்போதுதான் சொல்லியிருந்தேன். அது பொய். இரண்டு ஸ்டேஷன் முன்னால் உரிகத்தில் இறங்கி, அக்கா வீட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு பஸ்ஸில் வந்திருந்தேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் அக்காவின் கணவரோடு இவருக்குச் சண்டை. அன்றிலிருந்து நாலு வருஷமாக அந்த வாசலை நான் மிதிக்கக் கூடாது. சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால்தான் எனக்கு அக்கா கிடைத்தாள். அவளை விட்டால் எனக்கென்று யாருமில்லை.

யார் போட்டுக் கொடுத்தது? பக்கத்து வீட்டுக்காரியா, பஸ் கண்டக்டரா, தினமும் கூடவே ரயிலில் வரும் தோழியா? ஒரு வாரம் ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். தோழியிடம் பேச்சையும் குறைத்தேன். அவள்தான் ஒருநாள் என் போனை வாங்கி நோண்டிவிட்டு, "இன்னாக்கா, உன் லொகேஷன் வூட்டுக்காரருக்குப் போயினே கீது" என்றாள். போன் வாங்கித் தந்த அன்றே அவர் செய்துவைத்த ஏற்பாடு. பிறந்தநாள் பரிசு என்று வேறு சொல்லியிருந்தார்.

லொகேஷனை அணைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்பா செய்தது ஞாபகம் வந்தது. அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில் ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. அதை மேலே கொடுத்துவிட்டுத்தான் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏறி இறங்க வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். மட்டம் போடும் நாளில் அப்பா டோக்கனைக் கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஊர் சுற்றுவார்.

நானும் உரிகத்தில் போனைத் தோழியிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவள் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. போன் சமர்த்தாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பும்போது வாங்கிக்கொள்வேன். அவள் வீட்டில் டீ குடித்தேன் என்று இவரிடம் சொல்வேன்.

மூன்று சனிக்கிழமை ஓடியது. நாலாவது சனிக்கிழமை போனபோது தோழியிடம் போன் இல்லை. மாரிகுப்பத்தில் ரயில் நின்றபோது இவர் பிளாட்ஃபாரத்திலேயே நின்றிருக்கிறார். இவர் கூப்பிட, போன் அவள் பைக்குள் அடித்திருக்கிறது. கையை நீட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வீட்டில் மேஜைமேல் போன் இருந்தது. கத்துவார் என்று காத்து நின்றேன். "எங்கப்பாவும் டோக்கனைக் குடுத்தனுப்பிட்டு மட்டம் போட்டவருதான்" என்றார், டிவியைப் பார்த்தபடி. அதோடு சரி. அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் என்னென்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று போனைத் தொடவே கை கூசியது.

அடுத்த சனிக்கிழமை உரிகத்தில் தோழி வழக்கம்போலக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அக்கா வைத்த காபி ஆறுவதற்குள் போன் அடித்தது.

"எங்க கீற?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லு."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அக்கா வூட்ல" என்றேன். "இன்னும் ஒரு மணி நேரம் இருப்பேன்."