ஆறு ஃபிரேம் தாமதம்

லீலாவதி அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும் டில்லியில் அவர் குரலை என்னைவிட அதிகம் கேட்டவன் யாரும் இல்லை. பதினான்கு வருஷத்துக்கும் மேலாக டப்பிங் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசுகிறார், இந்தப் பக்கம் நான் பதிவு செய்கிறேன்.

அவருக்கு மன்னார்குடிப் பக்கம். வீட்டுக்காரர் மத்திய அரசில் கட்டட வரைபடம் போடுகிறவர். கல்யாணமான கையோடு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, பரீட்சை எழுதி, அக்காவும் ஓர் அமைச்சகத்தில் டைப்பிஸ்ட் ஆனார். 1989-ல், பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொல்லும் படம் ஒன்று இந்தியிலிருந்து தமிழுக்கு மாற வேண்டியிருந்தது. அதில் வரும் தாய்க்குக் குரல் கொடுக்க ஆள் தேடினோம். யாரோ சொல்லி, அரை நாள் லீவு போட்டுவிட்டு, டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். மைக்கைப் பார்த்துப் பயப்படவில்லை. "இந்தப் பொம்பள புள்ளைய அதட்டுறாளா, கொஞ்சுறாளா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் நர்ஸ், ஊராட்சித் தலைவி, பேசும் கிளி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். ஏழு வயசுப் பையனுக்குப் பேசும்போது மூக்கை லேசாகப் பிடித்துக்கொள்வார். இந்திப் பேச்சை ஹெட்போனில் சன்னமாக வைக்கச் சொல்லிவிட்டு டிவியில் உதட்டையே பார்த்துப் பேசுவார். உதடு ஒட்டுகிற இடத்தில் ஒட்டுகிற எழுத்து வந்தாக வேண்டும் அவருக்கு. தாளில் 'குழந்தை' என்று இருக்கும். திரையில் வாய் மூடித் திறந்தால் பென்சிலால் அடித்துவிட்டு 'பாப்பா' என்று எழுதிக்கொள்வார்.

என் கதை சின்னது. பெயர் கலியன். விழுப்புரத்திலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு ஜங்புரா மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்தவன். எட்டாவதோடு சரி. லாஜ்பத் நகரில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்கு வயர் சுருட்ட வந்து, டேப்பில் பதிவு செய்யக் கற்று, அங்கேயே ரெக்கார்டிஸ்ட் ஆனேன்.

2003 மே மாசம் முதலாளி குல்தீப் சாப் டேப் மெஷினைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் போட்டார். படத்தை வீடியோ ஃபைலாக உள்ளே ஏற்றி, அதற்குக் கீழே குரலைக் கோடு கோடாகப் பதிவு செய்ய வேண்டும். என் முன்னால் மானிட்டரின் மூலையில் சின்னதாகப் படம் ஓடும். அதே படம் ஒரு பெட்டி வழியாக உள்ளே பேசுகிறவர் பார்க்கும் டிவிக்கும் போகும். பொருத்த வந்த ஆள் கிளம்பும்போது சொன்னான்: "பெட்டி வழியா போறப்ப படம் கொஞ்சம் பிந்தும். எத்தன ஃபிரேம்னு அளந்து செட்டிங்ல நம்பர் போட்டுக்கோ." எனக்குப் பாதி புரியவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் கொடுத்தான். திரும்பக் கேட்டால் எட்டாவது என்று தெரிந்துவிடும். "அச்சா, அச்சா" என்று தலையாட்டினேன். நம்பர் பூஜ்யமாகவே கிடந்தது.

புது மெஷினில் முதல் வேலை, கர்ப்பிணிகளுக்கான அரை மணி நேரப் படம். லீலாவதி அக்காவுக்கு அதில் மருத்துவச்சி வேஷம். தமிழ் சரிபார்க்கப் பத்மநாபன் சார் வந்திருந்தார். படம் கொடுத்த நிறுவனத்து ஆள் அவர். அடுத்த வேஷத்துக்கு டில்லி துவாரகாவிலிருந்து வந்த அனன்யா என்ற சின்னப் பெண் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். குல்தீப் சாப் புது மெஷின் ஓடுகிற அழகைப் பார்க்க நின்றிருந்தார்.

முதல் வரியே என் மானிட்டரில் பிந்தியது. "அக்கா, லேட்டு. மறுபடி." இரண்டாவதும் லேட். பதினோராவதும் லேட்.

"உதட்டோடதான கலியா பேசுறேன்?"

"இன்னாக்கா உதட்டோட? இங்க அந்தம்மா வாய மூடி வெத்தல போட்டுடுச்சு, நீங்க இன்னும் பேசினு இருக்கீங்க."

அனன்யா சிரித்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். "காதுல வர்றதும் கண்ணுல தெரியறதும் ஒத்துக்கல கலியா. இந்திக்காரி முன்னாடி பேசிடுறா, வாய் பின்னாடி அசையுது."

சொன்னது அப்படியே உண்மை. அவர் பார்த்த டிவியில் படம் பிந்தி வந்தது. அந்தப் பிந்திய உதட்டில் மயிரிழை தவறாமல் பேசியிருக்கிறார். வேலை தெரிந்தவனாக இருந்தால் எழுந்து உள்ளே போய் அந்த டிவியைப் பார்த்திருக்க வேண்டும். குல்தீப் சாப் பின்னால் நின்று, "க்யா ஹுவா, மெஷின் மே கட்பட்?" என்றார். மெஷினில் கோளாறா என்று அவர் கேட்டது எனக்குக் குத்தியது. பட்டனை அழுத்தி, எல்லாருக்கும் கேட்க, உள்ளே சொன்னேன்:

"மெஷின்லாம் சரியாத்தான் கீது. நீங்க போயி காதக் காட்டுங்க. உங்கம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்துடுச்சோ இன்னாவோ."

அவருடைய அம்மாவுக்கு நாற்பத்தாறு வயசில் காது போனது. அக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு. தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தை ஒரு நாள் டீ குடிக்கும்போது என்னிடம்தான் சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் அது தெரியாது.

அக்கா தாளை மடித்தார். ஹெட்போனைக் கொக்கியில் மாட்டினார். பென்சிலைப் பைக்குள் போட்டார். வெளியே வந்து பத்மநாபன் சாரிடம், "வேற யாரையாவது வெச்சு முடிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அனன்யாவை உட்கார வைத்தோம். இரண்டாவது டேக்கிலேயே சரியாக விழுந்தது. அந்தப் பெண் டிவியைப் பார்க்கிறவளே இல்லை. காதில் இந்தியைக் கேட்டுக் கேட்டுக் கூடவே பேசுகிறவள். காது வழியாக வந்தது பிந்தவில்லை, அதனால் அவள் குரலும் பிந்தவில்லை. நாங்கள் புரிந்துகொண்டது வேறு: கோளாறு அக்கா காதில்தான். குல்தீப் சாப் என் தோளைத் தட்டினார்.

மூன்று வாரம் கழித்து டிவியின் ஒயர் ஒன்று லூசாகி, அதைச் சரி பண்ண நான் உள்ளே போனேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி அம்மியில் மிளகாய் தட்டுகிறாள். காதில் மாட்டிய ஹெட்போனில் சத்தம் முதலில் வந்தது, குழவி அப்புறம் இறங்கியது. கண்ணாடி வழியாகத் திரும்பி என் மானிட்டரைப் பார்த்தேன். அங்கே குழவி சத்தத்தோடு இறங்கியது. என் இடத்துக்கு ஓடி வந்தேன். செட்டிங்கைத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். ஆறு போட்டதும் இரண்டும் ஒன்றானது. நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். ஆறு என்றால் கால் நொடி.

ஆறைப் போட்டு மூடிவிட்டுத் தெருவுக்கு வந்து டீ குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்று, நாளை என்று ஆகஸ்டு வந்துவிட்டது. அக்கா எங்கள் பக்கமே வரவில்லை. வேறு எங்கேயும் பேசவும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்.கே.புரம் போனேன். கதவைத் திறந்தது அவருடைய மகள் அகல்யா, காலேஜ் படிக்கிற பெண். உள்ளே திரும்பி, "அம்மா, கலியன் அங்கிள் வந்திருக்காங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அக்கா நான்கடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கத்தாத. கேக்குது" என்றார். என்னைப் பார்த்து, "உக்காரு கலியா."

நான் உட்காரவில்லை. பெட்டி, மானிட்டர், டிவி, ஆறு ஃபிரேம் எல்லாவற்றையும் உளறினேன். கேட்டுக்கொண்டே கீரையைக் கிள்ளினார்.

"ஆஸ்பத்திரில காட்டினேன்" என்றார். "ரூமுக்குள்ள உக்கார வெச்சு சத்தம் போட்டுப் பாத்தாங்க. நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. நான் நம்பல. அவங்க மெஷின்ல தப்பு இருக்கும்னு நெனச்சேன். பதினாலு வருஷமா என் குரலக் கேக்குறவன், நீ தப்பா சொல்லுவேன்னு தோணல. இவளையும் சத்தமா பேசச் சொல்லிப் பழக்கிட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எப்ப தெரிஞ்சுது ஒனக்கு?"

"ஜூன் மாசம்க்கா."

கீரை கிள்ளிய கை நின்றது. "இது ஆகஸ்டு."

"ஆமாக்கா."

"குல்தீப் சாப்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல உங்ககிட்ட சொல்லிடலாம்னு."

"எங்கிட்ட எதுக்கு? இந்த வீட்டுல யாரும் என்னைச் செவிடுன்னு சொல்லல. எங்க சொன்னியோ அங்க சொல்லு. அன்னிக்கு இருந்தாங்களே, அத்தன பேரு இருக்கும்போது சொல்லு. அந்தப் பொண்ணு சிரிச்சாளே, அவளும் இருக்கணும்."

"சரிக்கா."

"காப்பி குடிச்சிட்டுப் போறியா?"

வேண்டாம் என்றேன். அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து வந்தது அடுத்த வியாழக்கிழமை. அனன்யாவுக்கு ஒரு சின்ன வேலை, பத்மநாபன் சார் தாளோடு வந்திருந்தார், குல்தீப் சாப் ஏதோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசுவதற்கு முன்னால் மெஷினைத் திறந்தேன். கம்ப்யூட்டரில், நாமாக அழிக்காத வரை, வேண்டாம் என்று ஒதுக்கிய டேக்கும் உள்ளேயே இருக்கும். அக்காவின் பதினோரு டேக்கும் அப்படியே இருந்தது. அத்தனை நாளும் அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஆறு ஃபிரேம் முன்னால் தள்ளினேன். ஓடவிட்டேன்.

மருத்துவச்சியின் வாய் திறந்தது, அக்காவின் குரல் வந்தது. உதடு ஒட்டிய இடத்தில் 'ம்' விழுந்தது. பதினோரு டேக்கும் அப்படித்தான். கடைசி டேக்கின் முடிவில், "உதட்டோடதான கலியா பேசுறேன்?" என்ற கேள்வியும் பதிவாகியிருந்தது. அதை நிறுத்த என் கை போவதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

"அவங்க லேட் இல்ல" என்றேன். "நான் நம்பர் போடாம விட்டேன். போடணும்னு சொன்னப்ப புரியல, கேக்க வெக்கப்பட்டேன்." குல்தீப் சாபுக்கு அதையே இந்தியில் சொன்னேன். இந்தியில் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

அவர், "சோடோ யார்" என்றார். விட்டுத்தள்ளு, படம்தான் டெலிவரி ஆகிவிட்டதே என்று மறுபடி போனை எடுத்தார்.

பத்மநாபன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வேற ரெண்டு ஸ்டுடியோவுல சொல்லிட்டேன்யா. லீலாவதிக்கு வயசாயிடுச்சு, காது சரியில்லன்னு."

"எந்த ஸ்டுடியோ சார்?"

சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அனன்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், தெரியலன்னா தெரியலன்னு விடலாமே. அவங்கம்மாவ எதுக்கு இழுத்தீங்க?"

நான் ஸ்டுடியோ பெயர் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த இரண்டு ஸ்டுடியோவுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஒன்றில் சிரித்தார்கள். மற்றதில், "நல்லவேளை சொன்ன" என்று தங்கள் மெஷினைத் திறந்து பார்த்தார்கள்.

தீபாவளி கழிந்து அக்கா மறுபடி எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். வந்ததும் உள்ளே போய் டிவியை ஒரு தரம் பார்த்தார், பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழையபடி ஒரே டேக்கில் பல வரிகள் விழுகின்றன. மனுஷிதானே, எப்போதாவது ஒரு வரி பிந்தும். அப்போது சொல்ல வேண்டியது என் வேலை. பட்டன் மேல் விரலை வைப்பேன், வாய் வராது. அவராகவே நிமிர்ந்து, "அது லேட்டு கலியா, மறுபடி போடு" என்கிறார். நான் போடுகிறேன்.