அக்காவுக்குப் போட்ட முதல் இலை

"ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாக, காலையில எந்திரிக்கல." வடமதுரையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார். அக்கா எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் அக்கா செல்லம்மாள் திண்டுக்கல்லில் படித்தபோது பள்ளி நாடகங்களில் ராஜா வேடம் அவருக்குத்தான். அப்படி ஒரு குரல். சுதந்திரம் வந்த மறுவருடம் வடமதுரையில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். சில வருடங்களில் விரல்கள் வெளுத்து மடங்கின. முகத்தோல் இறுகி வாய் சிறுத்தது. குஷ்டம் என்று பயந்து தனித்தட்டு வைத்தார்கள். தோல் இறுகும் நோய், யாருக்கும் ஒட்டாது என்றார் மதுரை டாக்டர். உணவுக்குழாயும் இறுகிவிட்டதால் வயிற்றுப் புளிப்பு மேலேறி நெஞ்சை எரித்தது. படுத்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். குணமாக்க மருந்தில்லை. எரிச்சல் தணிய வெள்ளை மருந்து ஒன்றைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும், இரவுச் சாப்பாட்டைப் பொழுது சாயும்போதே முடிக்கவும், கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தவும் சொன்னார்.

செங்கலை நானே வைத்தேன். "ஏலே அப்பு, செத்த நேரம் அசந்தா வழுக்கி ரயிலடியில போயி நிப்பேன்டா" என்று அக்கா சிரித்தார்.

சாப்பாட்டு நேரத்தைத்தான் மாற்ற முடியவில்லை. தோட்டத்திலிருந்து ஆண்கள் திரும்பிச் சாப்பிட்டு எழுந்த பிறகே அந்த வீட்டுப் பெண்கள் சாப்பிடுவார்கள். மருமகள் கடைசி. பள்ளி வாத்தியாரான நான் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அத்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார்தான் பேசினார்: "ஆம்பளைக வரங்காட்டியும் மருமக எலை போட்டு உக்காந்தா வீடு வெளங்குமா? பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கங்க தம்பி." அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஒளித்து வைத்தாவது முன்னதாகச் சாப்பிடச் சொன்னேன். "திருடித் தின்னவள்னு பேரு வேணாம்ப்பா. எரிச்சலுக்குப் பசி தேவலை" என்றார் அக்கா. பல இரவுகள் வெறும் வயிற்றோடு படுத்தார்.

கடைசி இரவில் வீட்டில் விருந்தாம். செங்கலை எடுத்துவிட்டுக் கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் உண்ட பின், மிச்சமானது வீணாகுமே என்று அக்காவை வற்புறுத்திச் சாப்பிட வைத்து, தரையில் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கருமாதியன்று, பொழுது இருக்கும்போதே, அவர் படத்துக்கு முன் தலைவாழை இலை போட்டார்கள். புளிக்குழம்பும் வடையுமாக அவருக்கு ஆகாததெல்லாம் அதில் இருந்தது. ஆண்கள் பசியோடு நின்றார்கள். பந்தி போடலாமா என்று அத்தான் கேட்டார்.

"அவ சாப்பிடாம யாரும் கை நனைக்கக் கூடாது" என்றார் அவருடைய தாயார்.

நான் அங்கே கை நனைக்கவில்லை. போய் வா, அக்கா. உன் பசியை மட்டும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.